புழுதி விதைப்பில் மேட்டூர்த் தண்ணீர்

புரட்டாசி, வெள்ளிக்கிழமை

தூக்கம் வரவில்லை. மேட்டூர்த் தண்ணீர் வருடாவருடம் மேல்மடையோடு நின்றுவிடுகிறது. இந்த முறை கடைமடைக்கு முதலில் விடுவோம், பலனைப் பார்த்து மாற்றிக்கொள்வோம் என்று பாசனத் துறை அலுவலகத்தில் சண்டை போட்டவள் நான்தான். இன்று காலை தண்ணீர் வந்துவிட்டது. ஆசையாகப் பார்க்கப் போனேன்.

கடைமடை விவசாயி கருப்பையா அண்ணன் தன் வயலில் கணுக்கால் தண்ணீரில் நின்றார். மழையை நம்பி நேற்றுத்தான் புழுதியில் நெல் விதைத்திருக்கிறார். தண்ணீரே பார்க்காத கிளை வாய்க்கால்தானே என்று கரையையும் உழுது வயலோடு சேர்த்திருக்கிறார்; வந்த தண்ணீர் நேராக விதைப்புக்குள் பாய்ந்துவிட்டது.

“தண்ணி வரும்னு சொன்னேனே அண்ணே.”

“எந்த வருசம் சொல்லாம இருந்தீங்க மேடம்? அடைக்கச் சொல்லுங்க, வெதை அழுகிப்போயிரும்.”

வாய்க்கால் ஷட்டரை அடைக்கச் சொன்னேன். மாலையில் மேலதிகாரி போனில் சிரித்தார். “கடைமடைக்காரங்களே வேணாம்னுட்டாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதிருங்க.”

அவர்கள் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களை நம்பவில்லை. இதை எப்படி எழுதுவது?

காலையில் வயலிலிருந்து கிளம்பும்போது கருப்பையா அண்ணன் கேட்டார்: “கரைய எடுத்துக் கட்டிர்றேன். அடுத்த மொறையும் நெசமாவே வருமா?”

எனக்குத் தெரியாது. வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.