நான் அடைத்த ஆறு ஓட்டைகள்

ஏப்ரல் 3

இடுப்பளவு தண்ணீரில் சிப்பி எடுக்கிறவர்கள் கிழித்துக்கொண்டு வந்த தவளைச் சட்டைகள், அதாவது கால் முதல் மார்பு வரை மூடும் ரப்பர் உடுப்புகள், இன்று ஐந்து. எல்லாம் ஒட்டியாயிற்று. ரப்பர் என்றால் இந்தத் தோங்ஷி ஊரில் நான், யூ-சியாதான். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை.

பெரிய செய்தி: எங்கள் கடல் தெய்வம் மாட்சு அம்மன் பவனிக்கு முன்னால் போகிற ஆறு பழைய மோட்டார் சைக்கிள்களில் ஓர் இடம் காலி. அதில் ஒன்றை ஓட்டுகிற லாய்க்கு முழங்காலில் ஆபரேஷன். அந்த இடம் எனக்குத்தான். பத்து வருஷமாக ஓரத்தில் நின்று பவனிக்காரர்களுக்கு டீ ஊற்றியது போதும். அணித் தலைவர் ஹுங் அண்ணன் வந்து எங்கள் வீட்டுப் பழைய வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரி அண்ணி, முன்சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் ரெண்டும் வெறுங்காலா நிக்குதே. அந்தக் காலத்து வண்டிக்கு ஏது இந்தப் பளபளப்பு?"

மடிப்பு மடிப்பான ரப்பர் உறை மாட்ட வேண்டுமாம். பதினான்காம் தேதி கோயில் முற்றத்தில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சின்-ஃபூ, "நான்கூட—" என்று ஆரம்பித்தார். நீங்களும் வாங்க, டீ ஊற்ற ஆள் வேணுமே என்றேன். கஞ்சியைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏப்ரல் 6

உறைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று பொடி ஓட்டை! என்ன சாமான் விற்கிறார்களோ. ஊசி முனை அளவு ஓட்டையும் என் கண்ணுக்குத் தப்புமா? மணல்தாள் தேய்த்து, பசை தடவி, ஆறையும் அடைத்தேன்.

பிறகு முன்சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஃபோர்க்குகளைக் கீழே உருவினேன். உறையை நுழைத்து, இரண்டையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி முறுக்கினேன். மேலும் கீழும் பட்டி போட்டு இறுக்கியாயிற்று. சின்-ஃபூ ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த ஓட்டை..." என்றார். ஓட்டையைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள் என்றேன்.

ஏப்ரல் 8

வண்டி முப்பது வயது கூடி, ராஜா மாதிரி நிற்கிறது. கடைக்கு வந்தவர்களையெல்லாம் இழுத்துப்போய்க் காட்டினேன்.

ஏப்ரல் 11

இவர் மறுபடியும் ஓட்டைப் பேச்சை எடுத்தார். தட்டில் இன்னும் நாலு சிப்பி வைத்தேன். அதோடு சரி.

ஏப்ரல் 14

மானம் போச்சு.

முற்றத்தில் ஊரே நிற்கிறது. ஹுங் அண்ணன் பிரேக் பிடிக்கச் சொன்னார். நல்லா அழுத்திப் பிடிச்சேன். வண்டி முன்னால் குனிந்ததும் உறை இரண்டும் தவளைத் தொண்டை போல உப்பி, டொப்பென்று கீழ்ப்பட்டியை உதறிவிட்டு மேலே ஏறிக்கொண்டன. பூசாரிகூடச் சிரிச்சாரு.

"அண்ணி, வண்டிக்கும் தவளைச் சட்டை மாட்டிட்டீங்களா?" என்றார் ஹுங் அண்ணன்.

அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை காட்டலாமாம். அதுவே கடைசி. அதற்குமேல் அந்த இடம் வேறு ஆளுக்கு.

ஏப்ரல் 15

"காத்து வந்து போகத்தான் அந்த ஓட்டை. நீ அடைச்சிட்டா அது எங்க போகும்?" என்றார் சின்-ஃபூ.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டியா?"

வேறு என்னவெல்லாம் சொல்ல வந்தீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வண்டி எங்கப்பாவோடது. இந்த வருஷம் நான் ஓட்டிட்டுப் போகலாம்னு நெனச்சேன். மூணாம் தேதியே சொல்ல வந்தேன்."

நான்கூட— இதைத்தானா?

ஏப்ரல் 16

அந்த இடம் எனக்கு வேணும். பத்து வருஷ ஆசை. கோபம் கோபமா வருது. அவர் மேலயா? இல்ல. என் மேலதான்.

ஏப்ரல் 18

சூடான ஊசியால் ஆறு ஓட்டையையும் திறந்தேன். மழைத் தண்ணீர் ஏறாமல் ஓட்டை பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்றார் சின்-ஃபூ. சரி என்றேன். இந்தத் தடவை ஸ்பானர் அவர் கையில். ஹேண்டிலைப் பிடித்தது நான்.

ஏப்ரல் 21

ஹுங் அண்ணனிடம் என் பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். சின்-ஃபூ ஓட்டினார், பிரேக் பிடித்தார். உறைகள் அமைதியாக மடங்கி விரிந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அதற்காக டீ ஊற்றப் போகிறவளா நான்? வண்டிக்குப் பின்னால் பறக்கிற அம்மன் கொடியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன்.

"கொடியை வண்டியோட கயித்தால கட்றதுதான் அண்ணி வழக்கம்."

"போன வருஷம் கயிறு அவுந்து கொடி மீன் குளத்துல விழுந்துச்சே. நான் விழ மாட்டேன்."

ஹுங் அண்ணன் என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 29

இன்று பவனி. ஒன்பது கிலோமீட்டர். பட்டாசுப் புகையில் கண் இன்னும் எரிகிறது. கொடி விழவில்லை.

வழி நெடுக சின்-ஃபூதான் பேசினார். அவர் அப்பா இந்த வண்டியில் ஐஸ் கட்டி ஏற்றிப் போனதைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் இவர் என்னைப் பார்க்கவே தினமும் எங்கள் தெரு வழியாகச் சுற்றிப் போனாராம். இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. நடுவில் நான் பேசியது ஒரே வார்த்தை: "பள்ளம்."

அதையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம்.