சாம்பல் குடத்தோடு நிற்பவன்

ஜூலை 13, ஞாயிறு

இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனாலும் எழுதாமல் படுக்க முடியவில்லை.

நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்துக்கு இன்று அம்மாவை முதன்முறையாகக் கூட்டிப்போனேன். போரில் காணாமல்போன அண்ணா இறந்துவிட்டான் என்று ஏற்று அந்தியேட்டிச் சடங்கைச் செய்வோமா என, திரும்பி வரும் ரயிலில் கேட்க நினைத்திருந்தேன்.

ஒரு கிரேக்கச் சாடியின் முன் அம்மா நின்றுவிட்டார். அதில் பழைய நாடகமொன்றின் காட்சி. ஓர் இளைஞன் ஒரு பெண்ணிடம் குடத்தை நீட்டுகிறான்.

“குடத்துக்குள்ள என்ன?”

“சாம்பல், அம்மா. அவளின்ர சகோதரத்தின்ர எண்டு சொல்லுறான். அவள் அழுறாள். ஆனா குடத்தோட நிக்கிறவன்தான் அந்தச் சகோதரம்.”

படித்ததைக் காட்டும் அவசரத்தில் சொல்லிவிட்டேன். அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

“நெத்தியைப் பாரடி. உன்ர அண்ணன்ர நெத்தி. சாம்பலைக் கொண்டந்து தந்தாலும் நம்பப்படாது.”

ரயிலில் நான் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்; வந்ததும் அம்மா மூன்று பேருக்குப் புட்டு அவித்தார். முன்கதவைப் பூட்டவும் விடவில்லை.

ஆள் வந்தால் மட்டும் எரியும் வாசல் விளக்கு இப்போது இரண்டாவது முறையாக எரிகிறது. யன்னலால் பார்த்தேன். யாரும் இல்லை. அம்மா அறைக்குள் எழும்பும் சத்தம் கேட்கிறது.

அண்ணா, வருவதென்றால் வெறுங்கையோடு வா.