சோப்பு டிரம்மும் நிக்கல் தண்ணீரும்

மார்ச் 4, செவ்வாய்

ஜபம் முடித்து எழுந்தால் வாசலில் வண்டி. கொழுந்தனார் இறங்கினார், கூடவே ஒரு பம்பு, ஆள் உயரக் குழாய் ஒன்று, ஒரு நீல டிரம்.

எங்கள் முலாம் பட்டறைக் கழிவுநீரில் நிக்கல் அதிகமாம். அடுத்த பரிசோதனையிலும் தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு இவர் கொண்டுவந்திருக்கும் மருந்து: சோப்பு.

தண்ணீரைக் குளிப்பாட்டப் போகிறார்களாம்!

"சிரிக்காதீங்க அண்ணி. நிக்கல் ரொம்பப் பொடிசு, சும்மா வடிகட்டினா நிக்காது. சோப்பு ஒண்ணோடொண்ணு சேர்ந்து உருண்டையாகும். நிக்கல் அதுமேல ஒட்டிக்கும். உருண்டை பெருசு, இந்தக் குழாய்க்குள்ள இருக்கிற மெம்பரேன் சல்லடைல மாட்டிக்கும். தண்ணி மட்டும் வெளிய வரும்."

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லும் எதையும் அந்த மனிதர் அப்படிக் கேட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

பட்டறை முழுக்க நுரை. விஞ்ஞானிகள் இருவரும் முழங்கால் வரை நனைந்து நின்றார்கள்.

அவர்கள் சாப்பிடப் போனபோது டிரம்மைத் திறந்து பார்த்தேன். கூழ் மாதிரி கெட்டிச் சோப்பு! ஊதாரிகள். இந்த வீட்டில் எந்தச் சோப்பும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்காமல் செலவானதில்லை. டிரம்முக்கும் அதே மரியாதையைச் செய்தேன். நுரை அடங்கியது. தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

கொழுந்தனார் வெளியே பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்த தண்ணீர் தேறவில்லை. நான் சொன்னேனா இல்லையா?

ஆண்டவனே, இந்த வீட்டில் யாருக்குப் புத்தி தேவையோ அவருக்குக் கொடு.

மார்ச் 11, செவ்வாய்

கொழுந்தனார் டிரம்மைத் திறந்து பார்த்தார். "சோப்பு நீர்த்துப் போயிருக்கு. ஓர் அளவுக்குக் கீழ போனா உருண்டையே சேராது. நிக்கலும் தண்ணியோட நழுவிடும். யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"நான்தான்டா. நுரை தாங்கல."

இவரா! ஒரு வாளி தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். பொய்யையாவது நம்பும்படி சொல்லத் தெரிகிறதா? — நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மற்ற நேரம் மூடத் தெரியாத வாய்தானே இது?

புத்தி கேட்டேன். யாருக்கென்று சொல்லாமல் கேட்டேன். ஆண்டவன் சரியான ஆளிடம்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

மார்ச் 13, வியாழன்

சோறு போடும்போது சொல்லிவிட்டேன். "தம்பி, தண்ணி ஊத்துனது உங்க அண்ணன் இல்ல."

"தெரியும் அண்ணி. அவருக்கு அந்த மூடியைத் திறக்கவே தெரியாது."

இருவரும் சிரித்த சிரிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். அவர் கேட்காமலே.

மார்ச் 20, வியாழன்

புது டிரம்மில் சோப்பைக் கெட்டியாகவே ஓட்டினார்கள். நுரை வாசல் வரை வந்தது. அள்ளிக் கொட்டினேன், வாய் திறக்காமல். அதிகாரி வந்து தண்ணீர் பிடித்துப் போனார்.

மார்ச் 27, வியாழன்

தேறிவிட்டது. பூட்டு இல்லை.

டிரம் மூடிமேல் 'தண்ணீர் சேர்க்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "யாருக்கும்மா இது?" என்றார், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"உங்களுக்குத்தான். நீங்கதானே ஊத்துனீங்க?"

ஷாம்பூ பாட்டிலில் மட்டும் இன்றும் தண்ணீர் ஊற்றினேன். அது என் பாட்டில்.