சந்துரு பின்னோக்கி நடந்த நாள்

என் எஸ்தரக்காவுக்கு,

உங்களை மண்ணுக்குள் வைத்து நாற்பது நாளான பிறகு கடிதம் எழுதுகிறாளே இந்தச் சரோஜா என்று சிரிக்காதீர்கள். இருந்தபோது பேச வேண்டியதைப் பேசாதவள் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது நம் மலையில் கொட்டச்சேடு வரைக்கும் டிவி வந்துவிட்டது அக்கா. பிள்ளைகள் ஞாயிறு தவறாமல் பொம்மைப்படம் பார்க்கிறார்கள். "பொம்மை எப்புடி டீச்சர் ஓடுது?" என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். பதில் தெரிந்தும் போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஏற்காட்டில் பாதி வருஷம் மேகம்தான். நிலா வளர்வதையும் தேய்வதையும் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிற நம் பிள்ளைகள், சேர்ந்தாற்போல் பத்து நாள் அதைப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் நீங்கள் குண்டக்காவையும் சந்துருவையும் வரைந்தீர்கள். பூமிதான் குண்டக்கா, நிலாதான் சந்துரு. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அவன் குண்டக்காவுக்கு முதுகைக் காட்ட மாட்டான். நிலாவின் ஒரே பக்கத்தை நாம் ஏன் பார்க்கிறோம் என்பதும், சிநேகிதம் என்றால் என்ன என்பதும் ஒரே படத்தில் முடிந்துவிட்டது. உங்களுக்கு மட்டும்தான் அப்படியெல்லாம் தோன்றும்.

ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய தாளை ஒட்டி, வெளி வெளிச்சத்தில் ஒரு படத்தின் மேல் அடுத்த படத்தை வரைவீர்கள். பனி மூடினால் வேலை நின்றுவிடும். "இந்த மேகத்துக்கு நம்ம சந்துரு மேல என்ன பொறாமையோ சாமி" என்பீர்கள். நூற்றுக்கணக்கான படங்கள். எஸ்டேட்காரர் ஒருவர் இரவல் தந்த சின்ன பிலிம் கேமராவில் அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பது என் பொறுப்பு. நான் அப்போது தற்காலிக டீச்சர். வேலை எந்த நிமிஷம் போகுமோ என்று எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியின் கட்டு மழையில் நனைந்துவிட்டது. அடுப்படியில் தாள் தாளாக உலர்த்தி, காய்ந்ததை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். முதல் தாள் அடியில் போய்விட்டது, கடைசித் தாள் மேலே வந்துவிட்டது. மூலையில் நீங்கள் எழுதியிருந்த எண்ணைக்கூடப் பார்க்காமல், மேலிருந்த வரிசையிலேயே கேமராவில் எடுத்துத் தள்ளினேன். கழுவப் போன பிலிம் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்ததே, பள்ளி ஆய்வாளர் வந்த அன்று காலையில்தான். ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைக் கட்டி ஹாலை இருட்டாக்கினோம். புரொஜெக்டரை ஓட்டியது நான். படத்தில் சத்தம் கிடையாது என்பதால் குண்டக்காவுக்கு நான் குரல், சந்துருவுக்கு நீங்கள். கடைசிக் காட்சிக்கு முந்தியதில் குண்டக்கா தனியாக அழுகிறாள். கடைசிக் காட்சி தொடங்கியதும், "அழுவாதீங்கக்கா, இதா வந்துட்டனுங்க" என்று நீங்கள் குரல் கொடுத்தீர்கள். வளர்ந்துகொண்டே வர வேண்டிய சந்துரு, தேய்ந்துகொண்டே பின்னோக்கி நடந்து போனான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நிலா இப்படியா சுத்தும்? யாருங்க இதை வரைஞ்சது?" என்றார் ஆய்வாளர்.

"எஸ்தரக்கா வரைஞ்சதுங்க" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிற குமிழ் புரொஜெக்டரில் என் கைப்பக்கத்திலேயே இருந்தது. திருப்பியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். தப்பு யாருடையது என்பதும் தெரிந்துபோயிருக்கும். நான் திருப்பவில்லை. "மன்னிச்சுக்குங்க சார், கவனிக்காம வரைஞ்சுட்டேன்" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

அதோடு பொம்மைப்படமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இருந்தோம். நீங்கள் முகம் கொடுத்துத்தான் பேசினீர்கள். நான்தான் நிமிராமல் நோட்டுத் திருத்தினேன். தப்பு என்னுடையது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதே கேள்வியோடுதான் சேலம் ஆஸ்பத்திரியிலும் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு சுளை சாப்பிட்டீர்கள். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தலைச்சோலைக்குப் போனேன். நம் தலைமையாசிரியை ஓய்வு பெற்று அங்கேதான் இருக்கிறார். அவரிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு" என்றார். "சாயந்தரமே எஸ்தர் எங்க ஊட்டுக்கு வந்துட்டா. 'சரோஜா தாளை மாத்தி அடுக்கிட்டாளுங்க. அவ வேலை இன்னும் நிரந்தரமாகல. ஆய்வாளர் எழுதற ரிப்போர்ட்டுல எம் பேரே இருக்கட்டுமுங்க'ன்னா. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டா. அவளே போயிட்டா, இனி என்ன சத்தியம்."

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா அக்கா? திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேனே. நான் பயந்து பயந்து ஒதுங்கியதைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? அதை இனி யாரிடம் கேட்பேன்?

அந்த பிலிம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அதே ஹாலில் பிள்ளைகளுக்குப் போடப்போகிறேன். தாளை மாற்றி அடுக்கியது நான்தான், பழியை உங்கள் மேல் விழ விட்டதும் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். "அப்பவே ஏன் டீச்சர் சொல்லல?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். "நொம்பப் பயந்துட்டேன் கண்ணு" என்று அதற்கும் பதில் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கேட்காமலே நீங்கள் மன்னித்துவிட்ட தங்கச்சி,
சரோஜா