உலர்த்தி அனுப்பிய மண்

18 அக்டோபர் 1984, வியாழன்

காலை வெயில். தெற்கே மேகம். சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

தம்பி மகன் சேகர் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறான். வேலை சின்க்ரோட்ரானில். எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுழலவிட்டு, அதிலிருந்து வரும் எக்ஸ்ரேயைப் பொருள்களில் பாய்ச்சுவது. சிதறும் கோணத்தை வைத்து உள்ளமைப்பைக் கணிப்பது. போன வருடம் பசுவந்தனையில் மகள் வள்ளி வீடு கட்டுமுன், மனையின் கரிசலை அவனுக்கு அனுப்பினேன். களிமண் தகடுகள் நெருக்கமாக இருப்பதாகப் பதில். மாப்பிள்ளையிடம் 'நல்ல மண்' என்றேன். அவரும் பாறை வரை தோண்டாமல் மூன்றடியில் அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

இன்று காபி குடிக்கையில் சேகர் கேட்டான்.

"பெரியப்பா, அந்த மண்ண எப்படி அனுப்புனிய?"

"காலேஜ் லேப் மாதிரிதான். ஓவன்ல காயவச்சு, இடிச்சு, சலிச்சு."

டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப நாங்க பாத்தது காஞ்ச மண்ணு. தண்ணி பட்டா தகடு விலகுமே."

தெரியாததா எனக்கு? முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். கரிசல் ஊதும் என்று இங்கே ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். எக்ஸ்ரே என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

20, சனி

நேற்று மாலையிலிருந்து மழை. பல்வலி. கிராம்பு வாங்க மறந்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல்ல பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ. திரும்பிவிட்டேன். டீக்கடையில் ஒருவர்: "வயக்காட்டு வெடிப்பெல்லாம் மூடிட்டு அண்ணாச்சி. இனி வெதைக்க வேண்டியதுதான்." எல்லோருக்கும் சந்தோஷம்.

22, திங்கள்

மழை விடவில்லை. பசுவந்தனை.

மாப்பிள்ளை வாசல் கதவைக் கழற்றி, உள்ளே மேற்குச் சுவரில் சாய்த்து இழைத்துக்கொண்டிருந்தார். "மழைக்கு மரம் ஊதுது மாமா. நேத்து கதவு ஒங்க மகள உள்ள வச்சு இறுகிட்டு. ஒரு மணி நேரம் வீடு அமைதியா இருந்துச்சு."

ஊதுவது மரமில்லை, அடியில் கரிசல்.

பேரன் தொட்டிலில் தூக்கம். போன மாதம் தொட்டிலுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே என் கை நுழைந்தது. இன்று தொட்டில் சேலை சுவரில் உரசுகிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். "வெளிய வா வள்ளி. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீங்கதானப்பா நல்ல மண்ணுன்னு சொன்னிய?"

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

மாட்டுத் தொழுவில் இருக்கிறோம். பிள்ளை அவள் மடியில். சும்மா உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டாயிற்று, வள்ளியும் கூப்பிட்டாள். "இந்தா முடிஞ்சுட்டு" என்கிறார்.

இழைக்கும் சத்தம் இன்னும் கேட்கிறது.