முன்பக்கம் மட்டும் உயர்த்திய கார்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகள் அனிதாவுக்கு,

அம்மா முத்தங்களோடு எழுதுவது. நானும் தம்பி அமலனும் சுகம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுத வரவில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் அவர் தூங்கிய பிறகு இதை எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் காரில் கை வைத்துவிட்டோம், கோபப்படாதே. நீயும் அப்பாவும் சேர்ந்து ஆசையாக உயரத்தைக் குறைத்துத் தாழ்த்திய கார்தான், ஆனால் அப்பாவைச் சிதம்பரத்துக்குக் கதிர் சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது நான் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் அடி தட்டும், அந்த இடி நேராக அவர் முதுகெலும்பில் போய் இறங்கும். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் உதட்டைக் கடித்துக்கொள்வார். வாடகைக்கு எடுக்கலாம் என்றால் "எம் பொண்ணு காரு இருக்கறப்ப எதுக்குடி வாடகை வண்டி" என்பார். கடைசியில், நீ போட்ட குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டச் சம்மதித்தார், அதுவும் முன்பக்கம் மட்டும். "பின்னாடி கை வச்சீன்னா நான் வண்டியிலயே ஏற மாட்டேன்" என்று மெக்கானிக் அன்பரசு முன்னாலேயே சொல்லிவிட்டார். இப்போது கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டு தில்லையம்மாள், "என்னா நித்யா, ஒங் காரு பறக்கப் போவுதா" என்று கேட்க அப்பாவே சிரித்துவிட்டார். ஆனால் மாற்றிய பிறகு முதல் தடவை போனபோது, புதுச்சத்திரம் வேகத்தடை வந்ததும் பழக்கத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார், கார் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது, அவர் கையை எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல, பாப்பா வண்டி மாதிரியே இல்ல" என்றார்.

அனிதா, போன செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனி அழைத்து வர வேண்டாம், வீட்டிலேயே வலிக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பாவிடம் சிகிச்சை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இனிமே ஆஸ்பத்திரி இல்லல்ல, பாப்பா போட்ட ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிடச் சொல்லு, அது வந்து பாத்தா மொகம் வாடிடும்" என்கிறார். அந்த ஸ்பிரிங் இரண்டும் சாக்கில் சுற்றி அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. அன்பரசு உடனே வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ வந்து மாட்டு. எப்படியாவது லீவு கேள். அன்பரசு கூட இருப்பார், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கட்டும். ரயிலில் எதையாவது வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அவரைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிடாதே, ரொம்ப இளைத்திருக்கிறார். எதற்கு இப்போது வந்தாய் என்று கேட்பார். காருக்காக வந்தேன் என்று சொல்.

ஆண்டவர் உனக்கு வழித்துணையாக வரட்டும்.

உன் அம்மா,
நித்யா மேரி