மேல் லயத்துக்குப் பின்னால் இரண்டு குச்சிகள்

என் அன்பு எஸ்தர் அக்காவுக்கு,

நேற்று மாலை நான்கு மணிக்கு, தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில் உள்ள வெடிப்பின் இரு பக்கமும் நீ நட்டு வைத்த குச்சிகளுக்கு இடையிலான தூரம் பதினாறு அங்குலம். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தது முத்தையா அண்ணன், மறுமுனையைப் பிடித்தது நான். இன்று காலை கிராம சேவகர் தொலைபேசியில் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்: லயத்துக்கு யாரும் திரும்பக் கூடாது என்ற அறிவித்தல் இன்னும் நீக்கப்படவில்லை. மண்ணைப் பார்த்துவிட்டுப் போன அதிகாரிகளின் அறிக்கை வரும் வியாழக்கிழமை கிடைக்கும்.

நீ கடைசியாக அளந்தபோது அது பன்னிரண்டே முக்கால். நீ எங்களை விட்டுப் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

வியாழனுக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது, அக்கா. அன்று காலை பாட்டுப் பாடிக்கொண்டு அந்த லயத்துக்குத் திரும்பிக் குடியேறுவதாக, உன் மகள் கிருபா ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள், தன் இரண்டு பிள்ளைகளோடு. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு எழுதினாலும் பத்திரிகையில்தான் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

நான் எதையாவது கோபமாக ஆரம்பித்தால், "சாமு, மொதல்ல நடந்தத சொல்லு, ஒன் கருத்த அப்பறம் வச்சுக்க" என்பாய். அப்படியே சொல்கிறேன்.

நீ இருந்தபோது புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண்களையும் கூட்டிக்கொண்டு வெடிப்பைப் பார்க்கப் போவாய் அல்லவா? மண்சரிவுப் பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு தடவை காட்டிக்கொடுத்துவிட்டுப் போன வேலை அது. மற்றத் தோட்டங்களில் அதை மறந்துவிட்டார்கள், நீ ஜெபத்தோடு சேர்த்துக்கொண்டாய். நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு முத்தையா அண்ணன் அதைச் செய்தார். மாரியம்மன் கோயில் பூசைக்கு மணியடிப்பவர் உன் புதன்கிழமையைக் காப்பாற்றினார்.

பெருமழை பெய்த வாரத்தில் ஒரு மத்தியானம், கொழுந்து நிறுக்கும் நேரம், அவர் போய்ப் பார்த்தபோது பதினாலரை. தகரத்தைத் தட்டிக்கொண்டு லயம் முழுவதும் ஓடியிருக்கிறார். எல்லாக் குடும்பங்களும் தோட்டப் பாடசாலைக்கு இறங்கின. மறுநாள் விடிந்த பிறகு மலை வந்து லயத்தின் கடைசி இரண்டு காம்பரா அறைகளையும் மூடியது. ஒரு உயிரும் போகவில்லை.

இனி என் பங்கு. ராகலையிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்த முதல் நிருபர் நான்தான். பாடசாலை வாசலில் கிருபா, "எங்க ஜெபந்தான் மாமா எங்கள காப்பாத்துச்சு" என்று அழுதாள். அதை முதல் வரியாக வைத்தேன். குச்சியையும் முத்தையா அண்ணனையும் செய்தியின் ஏழாவது பந்தியில் வைத்தேன்.

இடமில்லாதபோது செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கும் எனக்கு அது தெரியாதா? தெரியும். அற்புதம் என்றால் முன்பக்கத்தில் போகும், குச்சி என்றால் உள்ளே எங்காவது ஒதுங்கும் என்பதும் தெரியும். மறுநாள் பத்திரிகையில் குச்சி இல்லை, முத்தையா அண்ணன் இல்லை. 'ஜெபத்தால் தப்பிய லயம்' என்ற தலைப்பும் கீழே என் பெயரும் இருந்தன. நான் தொலைபேசியை எடுத்து ஆசிரியர் பீடத்தைக் கூப்பிடவில்லை. முன்பக்கம் அல்லவா.

இரண்டு வாரம் கழித்து ராகலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். நான் எழுதிய செய்தி ஒரு பேனரில் பத்தடி உயரத்தில் தொங்கியது. அதன் பக்கத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் கையை உயர்த்தி நின்றார். கொழும்புப் பக்கத்திலிருந்து பிரசங்கம் செய்ய வந்த ஊழியக்காரராம். மேல் லயத்துக்காக மழைக்கு முந்திய நாளே தான் உபவாசமிருந்து ஜெபித்ததாகப் போட்டிருந்தது. ஆதாரம், என் செய்தி.

அக்கா, நான் பிணங்களைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லும் அரசியல்வாதிகளோடு தேநீர் குடித்திருக்கிறேன். அந்தப் பேனருக்குக் கீழே நின்றபோது வந்த அருவருப்பு எனக்குப் புதிது.

அவர் தோட்டத்துக்கு வந்த நாளை முத்தையா அண்ணன் இப்படிச் சொன்னார்: "தம்பி, அவரு சப்பாத்துல சேறு படக்கூடாதுன்னு நம்ம புள்ளைங்க படுக்குற தார்ப்பாய்ப் படங்க எடுத்து வழி பூரா விரிச்சாங்க. அன்னைக்கி ராவு புள்ளைங்க வெறும் சீமெந்துல படுத்துச்சுங்க."

அந்தப் படங்கின் மேல் நடந்து அவர் வெடிப்புக்குப் போனார். இரண்டு கமெராக்கள் கூடப் போயின. உன் குச்சிகளைக் காட்டி இவை அவிசுவாசத்தின் அடையாளம் என்றார். இரண்டையும் பிடுங்கி எறிந்தார். வெடிப்பில் ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றி, இந்த மலை இனி அசையாது என்று அறிவித்தார். போத்தலில் அவருடைய படம் ஒட்டியிருந்தது. பாடசாலையில் தங்குகிறவர்கள் பயத்துக்கு ஊழியம் செய்கிறவர்கள், விசுவாசிகள் ஞாயிறு ஆராதனையோடு வீடு திரும்புவார்கள் என்றும் சொன்னார். எல்லாம் இசை சேர்த்துக் காணொளியாக ஓடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளின் சேறு படிந்த படங்குகள் அதில் அழகாகத் தெரிகின்றன.

அதை நான் பாதியிலேயே நிறுத்தினேன். கிருபாவுக்கோ சந்தோசம் வந்தது. உனக்கு மறைக்க மாட்டேன்.

நேற்று பாடசாலைக்குப் போனேன். ஒரு வகுப்பறையில் நான்கு குடும்பம், நடுவில் சேலைகளைக் கட்டி மறைத்திருக்கிறார்கள். அவள் கணவன் கொழும்புக் கடையிலிருந்து லீவு கிடைக்காமல் நிற்கிறான். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. உடுப்பு மாற்றுவதற்கு மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருக்கிறாள். அந்தக் காம்பரா இவர்களுக்கு எப்படிச் சொர்க்கமாகத் தெரியாமல் இருக்கும்?

"அந்த ஆள் பொய் சொல்றாரு, கிருபா" என்றேன்.

"நீங்கதானே மாமா பேப்பர்ல போட்டீங்க?"

அவள் விடவில்லை. "அம்மா போனதுக்கப்பறம் நான் சிரிச்சதே இல்ல. பாஸ்டர் ஐயா கைய வச்சு ஜெபிச்ச அன்னைக்கித்தான் மொத தடவ நெஞ்சு லேசாச்சு. நீங்க வருசத்துக்கு ஒருக்கா கிறிஸ்மஸுக்கு வருவீங்க, கேக் சாப்புட்டுப் போவீங்க. ஒங்களுக்கு அது வெளங்காது."

விளங்காதுதான். உன்னைப் போல நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. ஆனால் உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். "அம்மாவோட பைபிள எடுத்துட்டு வா. வெடிப்புகிட்ட போவோம். அதுக்கப்பறம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். உன் பைபிள் என்றதால்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

முத்தையா அண்ணன் அங்கே முதலே நின்றார். குச்சிகள் மறுபடி நடப்பட்டிருந்தன. அந்த ஊழியக்காரர் பிடுங்கிப் போட்ட அன்றே, கூட்டம் இறங்கியதும் அண்ணன் இரண்டு குழியிலும் ஒவ்வொரு கூழாங்கல்லைப் போட்டு அடையாளம் வைத்து, பிறகு அதே குழிகளில் குச்சிகளை இறக்கியிருக்கிறார்.

"ஒங்க சாமியும் மலைய தாங்குது, எங்க ஆத்தாளும் தாங்குறா" என்றார் கிருபாவிடம். "ரெண்டு பேரு தாங்கியும் மண்ணு வழுக்குது பாரு, மழ அவ்வளவு. குச்சிய புடுங்கிப்புட்டா வழுக்காதாக்கும்."

"நீங்க பேசாதீங்க மாமா. நீங்க எங்க சபையுமில்ல" என்றாள் அண்ணனிடம்.

"இல்லதான். ஒங்கம்மா என்னய ஆள் சேத்துவிட்டது குச்சிக்கு மட்டுந்தான்."

கிருபா சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். நாடாவைப் பிடித்தோம். பதினாறு. எண்ணெய் ஊற்றிய அன்று அண்ணன் அளந்தது பதினைந்து; அதற்குப் பிறகு மட்டும் ஒரு அங்குலம். அவள் நாடாவைக் குனிந்து இரண்டு தரம் பார்த்தாள்.

"பைபிளோட கடைசிப் பக்கத்தத் தொற" என்றேன்.

"அதுல அம்மா அளவு எழுதுவாங்க. எனக்குத் தெரியும்."

"தெரியும்ல? வாசி."

வாசித்தாள். உன் பென்சில் எழுத்து, மழையில் கொஞ்சம் மங்கியது. 'பன்னிரண்டு. ஸ்தோத்திரம்.' 'பன்னிரண்டு. மழை இல்லை. ஸ்தோத்திரம்.' 'பன்னிரண்டே கால். கூடியிருக்கிறது. கிராம சேவகருக்குச் சொன்னேன். ஸ்தோத்திரம்.' 'பன்னிரண்டரை. இரவு யாரும் பின் அறையில் படுக்க வேண்டாமென்று சொன்னேன். ஸ்தோத்திரம்.' கடைசி வரி, நீ ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தில் எழுதியது. 'பன்னிரண்டே முக்கால். எனக்கு மூச்சு முட்டுகிறது. முத்தையாவுக்குப் பழக்கிவிட்டேன். ஸ்தோத்திரம்.'

இந்தப் பக்கத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் வாசித்ததில்லை. எழும்பி நின்று, "கூடுனாலும் ஸ்தோத்திரம் போட்டிருக்காங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மலை வரும்னு நம்புனாங்களா, வராதுன்னு நம்புனாங்களா?"

நுவரெலியா ஆஸ்பத்திரியில் நீ எனக்குச் சொன்னதை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? ஒட்சிசன் மூடியைத் தூக்கிவிட்டு நீ சொன்னாய்: "பயம் இருக்குடா. சந்தோசமும் இருக்கு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா மாதிரி. நடுச்சுவரு மெல்லிசு, அங்க இருமுனா இங்க கேக்கும். அதுக்காக நான் வீட்ட மாத்திக்கல. மேல இருக்குற எங்கப்பா என்னய விடமாட்டாரு, மூச்சு நின்னாலும் விடமாட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நான் அதை ஒரு செய்தியாகக்கூட எழுதவில்லை. உனக்கு ஒன்றும் நடக்காது என்று கர்த்தர் உறுதி கொடுத்ததாக நீ ஒருநாளும் சொன்னதில்லை. நடந்தாலும் விடமாட்டார் என்றுதான் சொன்னாய். அந்த மனிதர் படங்கின் மேல் நடந்து வந்து விற்கும் உறுதி இன்னொரு சாமான். முதல் மழைக்கே அது கரையும். கரையும்போது அவர் இங்கே இருக்க மாட்டார், உன் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்மேல் எனக்குள்ள அருவருப்பை இந்த வயதில் கழுவ முடியுமா என்று தெரியவில்லை. அவருடைய முதல் சாட்சிக்காரனாக நின்றவன் நான் என்பதால் அது என் கையிலும் ஒட்டியிருக்கிறது.

கிருபா பென்சில் கேட்டாள். என் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். உன் கடைசி வரிக்குக் கீழே 'பதினாறு' என்று எழுதினாள். புள்ளி வைத்துவிட்டு நின்றாள். அடுத்த சொல்லை எழுத அவளுக்கு நேரமெடுத்தது. நானும் அண்ணனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். பிறகு எழுதினாள்.

இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஸ்கூல்லயே ஜெபம் வைக்கிறேன் மாமா. புதன்கெழம ஜெபத்துக்கு வர்ற பொம்பளைங்கள கூப்புடுறேன். யார் வருவாங்கன்னு தெரியாது" என்றாள். வகுப்பறைக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது உன் பாட்டொன்றை முணுமுணுத்தாள். உன்னைப் போலவே சுருதியை விட்டுத்தான். அழுகையும் இருந்தது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. சேலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண், "மெதுவா பாடு புள்ள, மாவு புளிச்சிரும்" என்றாள். கிருபா சத்தமாகச் சிரித்தாள்.

நேற்றிரவே பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். திருத்தம் என்று இரண்டு வரி போடலாம் என்றார். இரண்டு வரி போதாது, ஒரு கடிதம் தருகிறேன் என்றேன். சனிக்கிழமை வரும். மேல் லயத்தைக் காப்பாற்றியது ஜெபித்துவிட்டுப் போய் அளந்த ஒரு பெண்ணும், அவள் பழக்கிவிட்ட முத்தையா அண்ணனும் என்பதை என் பெயரோடு இங்கே எழுதுகிறேன்.

ஞாயிறு காலை எத்தனை குடும்பம் பாடசாலையில் இருக்கும், எத்தனை குடும்பம் அவருக்குப் பின்னால் மேலே ஏறும் என்பது இதை எழுதும்வரை தெரியாது. அறிக்கை வியாழக்கிழமை. அதுவரை தினமும் மாலை நான்கு மணிக்கு முத்தையா அண்ணனோடு நாடாவைப் பிடிப்பேன். ஞாயிறு மட்டும் காலையிலேயே போய் மேலே ஏறும் வழியில் நிற்பேன், உன் பைபிளின் கடைசிப் பக்கத்தோடு. இனி நான் எழுதும் எதிலும் அளவை முதல் வரியிலேயே வைப்பேன், அக்கா. கீழிருந்து வெட்ட வருகிறவர்களுக்கு அது எட்டாது.

வாசித்துத் திருத்த நீ இல்லாமல் எழுதும்
உன் தம்பி,
சாமுவேல்